கவிழ்த்துப் பார்க்கப்படும் கிண்ணங்கள்

மரக்கடைசலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளம். ஊர்தோறும் அவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. அமெரிக்கக் கடைசலாளர் சங்கம் 1986இல் தொடங்கப்பட்டது. இன்று அதனோடு இணைந்த வட்டாரக் கிளைகள் முன்னூறுக்கும் மேல். கிளைகள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடுகின்றன. கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசை போடப்பட்டிருக்கும். அண்மையில் கடைந்து முடித்த கிண்ணத்தையோ செப்பையோ யார் வேண்டுமானாலும் அதன்மீது வைக்கலாம். தேர்வுக்குழு கிடையாது, கட்டணம் கிடையாது, தோற்றுப்போக அங்கே போட்டியும் கிடையாது. இருந்தும் மேசையை நிரப்புகிறவர்கள் அநேகமாக அதே நாலைந்து பேர்தாம். மற்றவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள். மேசையைச் சுற்றிவந்து பார்க்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய வீட்டு அலமாரிகளிலோ கடைந்து மெருகேற்றிய பண்டங்கள் இடமின்றி அடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்தத் தயக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் எளியவை. கூச்ச சுபாவம், கைத்தேர்ச்சி போதாமை, பிறர் குறை சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். இவை பொய்யல்ல. ஆனால் இவற்றால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. தேர்ச்சி போதாமையே காரணமென்றால், தேர்ச்சி கூடக் கூடத் தயக்கம் குறைய வேண்டும். நடைமுறையில் நேர்மாறாகவும் நிகழ்கிறது. கடைசலுக்கு வந்த முதல் ஆண்டில் தன் கோணல் கிண்ணத்தைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நீட்டியவர், ஐந்தாம் ஆண்டில் அதைவிடப் பன்மடங்கு நேர்த்தியான ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கிறார். கற்றுக்கொண்டது எதுவோ அதுவே கையைப் பின்னுக்கு இழுக்கிறது. அது என்ன என்பதைத்தான் நாம் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

முதலில் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். 'கடைதல்' என்று தமிழில் இதற்கு அமைந்துவிட்ட சொல் அழகானது. தயிர் கடைவதும் மரம் கடைவதும் நமக்கு ஒரே வினை. பழைய ஐரோப்பியக் கழைக் கடைசலைக் கண்டவர்களுக்கு இதன் பொருத்தம் உடனே விளங்கும். மரத்துண்டைச் சுற்றிய கயிற்றின் ஒரு முனை காலடி மிதிகட்டையிலும் மறுமுனை மேலே வளைந்து நிற்கும் கழையிலும் கட்டப்பட்டிருக்கும். மிதித்தால் துண்டு முன்னோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழை நிமிர்ந்து அதைப் பின்னோக்கிச் சுழற்றும். மத்தில் கயிறு போட்டு இழுக்கும் அதே முன்பின் ஓட்டம். முன்னோக்கிய சுழற்சியில் மட்டும் உளி வெட்டும். (பண்டம் சிறப்பாக அமைந்துவிட்டால் கைவினைஞனை 'கடைந்தெடுத்தவன்' என்று பாராட்ட முடியாதபடி நாம் அச்சொல்லை அயோக்கியர்களுக்கு ஒதுக்கிவிட்டோம் என்பது வேறு விஷயம்.) இன்று கயிறும் கழையும் போய் மின்விசை வந்துவிட்டது. துண்டு ஒரே திசையில் இடைவிடாமல் சுழல்கிறது. உளியைப் பிடிப்பது மட்டும் இன்னும் கையே.

அந்தக் கையில்தான் பிரச்சினை தொடங்குகிறது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் அறைகலன் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, கைவினையின் இயல்பைப் பற்றி 1968இல் ஒரு சிறிய நூல் எழுதினார். வேலைகளை அவர் இரண்டாகப் பிரித்தார். விளைவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டுவிட்ட வேலை ஒன்று. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கினால் ஆயிரம் பிரதியும் ஒன்றுபோலவே வரும். செய்து முடிக்கும் கணம்வரை விளைவு செய்பவனின் கவனத்தையும் தீர்மானத்தையும் நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும் வேலை மற்றொன்று. இதை அவர் இடரை ஏற்றுச் செய்யும் வேலை என்றார். பை வெறும் கோட்பாட்டாளர் அல்லர். தாமே மரச் செப்புகளும் கிண்ணங்களும் செய்தவர். அவர் சொன்ன இடருக்குக் கடைசலைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஏனெனில் கடைசலில் கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில். ஈர மரத்தை முதலில் தடிப்பாகக் கடைந்து வைக்கிறார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க்கனம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிறகு மாதக்கணக்கில் உலரவிடுகிறார்கள். ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய போக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே உலர்ந்து முடிக்கும்போது வட்டக் கிண்ணம் நீள்வட்டமாகியிருக்கும். அதை மறுபடி எந்திரத்தில் ஏற்றி, வட்டமாக்கி, சுவரை மெலிதாக்க வேண்டும். அவ்வளவு காலம் காத்திருந்த மரத்தில், உளியின் விளிம்பு ஒரு நொடி தவறான கோணத்தில் பட்டால் போதும். வெடுக்கென்று கவ்வி, சுவரில் ஒரு பள்ளம் விழும். இல்லையேல் கிண்ணம் இரண்டாகப் பிளந்து சுவரோரம் போய் விழும். பள்ளம் விழுந்தால், அதை நீக்கும்வரை இன்னும் கடைந்து கிண்ணத்தைச் சிறிதாக்குவார்கள். 'வடிவமைப்பில் ஒரு மாற்றம் செய்தேன்' என்று சொல்லிச் சிரிப்பது கடைசலாளர்களிடையே பழகிப்போன நகைச்சுவை. ஆக, முடிந்த கிண்ணம் ஒவ்வொன்றும் செய்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விபத்து வரலாற்றைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

அந்த வரலாற்றை வாசிக்கத் தெரிந்த இன்னொரு கூட்டமும் இருக்கிறது என்பதே விஷயம். கடைந்த கிண்ணமொன்றைக் கடைசல் அறியாதவர் கையில் கொடுங்கள். மரத்தின் ரேகையைப் பார்ப்பார், வருடுவார், 'என்ன வழவழப்பு!' என்பார். அதே கிண்ணத்தை இன்னொரு கடைசலாளர் கையில் கொடுங்கள். அவர் முதலில் செய்வது அதைக் கவிழ்ப்பது. கிண்ணத்தை எந்திரம் பற்றியிருந்த இடம் அடிப்பாகம். அந்தப் பற்றிய தடத்தை நீக்கினாரா, அப்படியே விட்டாரா என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்ப்பார். பலகைவாட்டில் வெட்டிய துண்டில் கிண்ணம் கடையும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் நார் உளிக்கு எதிர்முகமாக நிற்கும். உளி மழுங்கியிருந்தால் அவ்விரு இடங்களிலும் நார் வெட்டுப்படாமல் பிய்ந்து சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பு எதிரெதிராக எங்கே இருக்கும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். அவை நேரே அங்கே போகின்றன. பிறகு உப்புத்தாள். 80ஆம் எண் தாளின் கீறல் முழுக்க மறையும்முன் 120க்குத் தாவியிருந்தால், வெறும் மரத்தில் அது கண்ணில் படாது. எண்ணெய் பூசிய மறுகணம் வட்டவட்டமாக எழுந்து நிற்கும். கடைசியில் கட்டைவிரலை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்து விளிம்பிலிருந்து அடிவரை ஒரு இழுப்பு. சுவர் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று அந்த ஒரு இழுப்பில் தெரிந்துபோகும். இத்தனையும் அரை நிமிடத்துக்குள். பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, 'நல்ல மரம்' என்கிறார்.

'நல்ல மரம்' என்ற அந்த இரண்டு சொற்களின் பொருள் கடைசலாளர்கள் அனைவருக்கும் தெரியும். மரத்தைப் பாராட்டினால் கடைந்தவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். யாரும் கடிந்து பேசவில்லை, ஏளனம் செய்யவில்லை. ஆனாலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் தீர்ப்பு ஏன் இவ்வளவு கனமாக இறங்குகிறது என்பது. எல்லாக் கைவினையிலும் சக கைவினைஞனின் கண் கூர்மையானதுதான். தச்சர் தச்சரின் இணைப்பைப் பார்க்கத்தான் செய்வார். ஆனால் தச்சர் செய்த கதவைத் திறந்து மூட ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். கதவு சரியாக மூடினால், சக தச்சரின் புருவம் எவ்வளவு உயர்ந்தாலும் பாதகமில்லை. கடைசலாளருக்கும் ஒரு காலத்தில் அப்படியொருவர் இருந்தார்.

1545இல் இங்கிலாந்தின் தென்கரையில் மூழ்கி, 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில், கடைந்த மரக் கிண்ணங்களும் தட்டுகளும் கிடைத்தன. பலவற்றில் மாலுமிகள் தங்களுடையது இன்னது என்று அறியக் கீறிவைத்த அடையாளங்கள் இருக்கின்றன. கடைந்தவன் பெயர் அல்ல, தின்றவன் அடையாளம். அந்தக் கிண்ணங்களின் தரத்தைத் தீர்மானித்தவன் அவன்தான். கூழ் ஒழுகவில்லை, கப்பல் ஆடும்போது எளிதில் கவிழவில்லை, உதட்டைக் கிழிக்கவில்லை என்றால் அது நல்ல கிண்ணம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அரக்கு மெருகேறிய அந்தக் கடைசல் பண்டங்களின் நடுவர் மண்ணில் அமர்ந்து பொய்ச்சோறு ஆக்கும் குழந்தை. அது எந்தச் சொப்பையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பரிசோதித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் இந்த மரபின் கடைசிக் கண்ணி ஜார்ஜ் லெய்லி. பெர்க்ஷயரின் பக்கிள்பரி பொதுநிலத்தில் ஒரு குடிசைப் பட்டறையில் கழைக் கடைசலை மிதித்து எல்ம் மரக் கிண்ணங்கள் செய்தவர். அவருக்கு முன் அவர் தந்தையும் பாட்டனாரும் செய்த தொழில். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்களைக் குடைந்தெடுப்பதில் வல்லவர். கொக்கிபோல் வளைந்த உளிகளைக்கொண்டு வெளிக்கிண்ணத்திலிருந்து உட்கிண்ணத்தைப் பிரித்தெடுப்பார். 1927இல் வெளிவந்த தம் இங்கிலாந்துப் பயண நூலில் எச். வி. மார்டன் அவரைச் சந்தித்ததை எழுதிய பிறகு வெளியுலகம் அவரை அறிந்தது. 1958இல் அவர் இறந்தபோது அந்தத் தொழிலைத் தொடர ஆள் இல்லை. அவருடைய கடைசல் எந்திரம் ரெடிங் நகரிலுள்ள ஆங்கில நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அவர் கிண்ணங்களில் உளித்தடம் அப்படியே இருக்கும். உப்புத்தாள் போட்டு அதை மறைக்க வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை.

அந்த மேசையிலிருந்து கிண்ணம் எப்படி அலமாரிக்கு ஏறியது என்பது வெகு சுருக்கமான வரலாறு. ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிவிடுகிறது. சிகாகோவில் ஜேம்ஸ் பிரஸ்டினி 1930களிலேயே காகிதம்போல் மெலிந்த கிண்ணங்களைக் கடைந்தார். அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தன. இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராமல் முகாமில் வைக்கப்பட்ட பாப் ஸ்டாக்ஸ்டேல், அங்கே கடைசல் கற்றுப் பின்னாளில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நேர்த்தியின் இலக்கணமாக நின்றார். 1976இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கடைசல் கருத்தரங்குகள் தனித்தனியே கடைந்துகொண்டிருந்தவர்களை ஒன்றுசேர்த்தன. டேவிட் எல்ஸ்வர்த் சிறு துளை வழியே வளைந்த உளியைச் செலுத்தி, கண்ணால் பார்க்க முடியாத உட்புறத்தை ஒலியாலும் தொடுவுணர்வாலும் மட்டுமே குடைந்து, வெற்றுக் கலயங்களைச் செய்தார். அவற்றில் எதையும் ஊற்றி வைக்கும் நோக்கம் யாருக்கும் இல்லை. 1986இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கத்தின் முதல் தலைவர் அவரே.

இந்த மாற்றத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. எல்ஸ்வர்த்தின் கலயங்கள் இல்லாத உலகம் ஏழ்மையானதாகவே இருக்கும். பூஞ்சணம் ஓடிக் கருங்கோடுகள் படர்ந்த, விறகுக்கும் உதவாதென ஒதுக்கப்பட்ட மரத்தை எடுத்து, பொத்தலும் மரப்பட்டையுமாகவே கடைந்து, 'குறை' என்ற சொல்லின் பொருளையே மெல் லிண்ட்குவிஸ்ட் மாற்றிக் காட்டியதும் இதே காலத்தில்தான். ஆனால் ஒவ்வொரு பெறுதலோடும் ஓர் இழப்பு வந்தது. கிண்ணத்தில் சோறு போடுவது நின்றபோது, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் தகுதி சோறு தின்பவரிடமிருந்து பறிபோயிற்று.

கலைக்கூடத்தில் இடம்பெறும் ஒரு சிலருக்கு இதனால் நட்டமில்லை. அவர்களுக்கு வாங்குபவர் உண்டு, காட்சிக்கு வைப்பவர் உண்டு, விமர்சகரும் உண்டு. இடையில் அகப்பட்டவர் பொழுதுபோக்குக் கடைசலாளர். அவர் லெய்லி அல்லர். பிழைப்புக்காக நாளொன்றுக்கு இத்தனை கிண்ணம் என்று கடைபவர் அல்லர். எல்ஸ்வர்த்தும் அல்லர். பெரும்பாலும் வேறொரு தொழிலில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். வண்டிக் கொட்டகையில் எந்திரத்தை நிறுத்திக்கொண்டு மாலைகளைச் செலவிடுபவர். அவருக்குக் கிடைக்கும் அபிப்பிராயங்கள் இரண்டே. ஒன்று, வீட்டாரின் 'ரொம்ப அழகாக இருக்கிறது'. எதைக் காட்டினாலும் அதே வாக்கியம்; ஆகவே அதற்கு எடை இல்லை. இன்னொன்று, சக கடைசலாளரின் கவிழ்த்துப் பார்க்கும் கை. அதற்கு எடை மிக அதிகம். நடுவில் நின்று, 'இதில் பழம் வைத்தேன், உருண்டு விழுகிறது, விளிம்பைச் சற்று உள்நோக்கி வளைக்கக் கூடாதா' என்று கேட்க ஒருவரும் இல்லை. எடையற்ற புகழுக்கும் தாங்கமுடியாத நுணுக்கத்துக்கும் இடையே மாட்டிக்கொண்டவர் கிண்ணத்தை உள்ளே வைத்துவிடுவதில் என்ன வியப்பு?

இவ்விதழ்களைப் படிக்கும் நண்பர்களுக்கு இந்நிலை எங்கோ பார்த்ததுபோல் தோன்றலாம். எழுதுகிறவர்கள் மட்டுமே வாசிக்கும் சிறுபத்திரிகையின் சூழல் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. கதை என்ன ஆயிற்று என்று அறியும் ஆவலில் பக்கத்தைப் புரட்டும் வாசகர் போய்விட்ட இடத்தில், எல்லோரும் ஒருவர் வாக்கியத்தை மற்றொருவர் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேசை இழுப்பறைகளில் உறங்கும் கையெழுத்துப் பிரதிகளின் எண்ணிக்கை யாருக்குத் தெரியும்? ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். கிண்ணத்தை நாம் விடுவிக்கலாம்.

தயக்கமே அறியாத பொழுதுபோக்குக் கடைசலாளர்களும் வரலாற்றில் உண்டு என்பதை ஒரு வேடிக்கைக்காகச் சொல்லவேண்டும். கடைசல் ஒரு காலத்தில் ஐரோப்பிய அரசர்களின் பொழுதுபோக்கு. அக்கலைக்கான முதல் முழுநூலை 1701இல் பிரெஞ்சுத் துறவி ஷார்ல் ப்ளுமியே வெளியிட்டார். (தாவரவியலாளரான இவர் பெயரால்தான் நம் கோயில் வளாகங்களில் நிற்கும் ஈழத்தலரி 'ப்ளுமேரியா' ஆயிற்று.) ரஷ்யாவின் மகா பீட்டர் ஆந்திரேய் நார்த்தோவைத் தம் கடைசல் ஆசானாக வைத்துக்கொண்டு தந்தத்திலும் மரத்திலும் ஓயாமல் கடைந்தார், கடைந்தவற்றைப் பரிசாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட பிரபு அதைக் கவிழ்த்துப் பார்த்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

மகா பீட்டருக்கு இருந்த பாதுகாப்பைச் சங்கங்கள் வேறொரு வழியில் தம் உறுப்பினர்களுக்குக் கொடுக்க முயல்கின்றன. மேசையில் வைத்த எதையும் குறை சொல்லாதிருப்பது என்பதே அந்த வழி. நல்லெண்ணத்தால் ஏற்பட்ட இந்த மரபு தயக்கத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை என்பது நம் உறுதியான கருத்து. எல்லாவற்றுக்கும் கைதட்டு என்றால், கைதட்டலின் நீளத்தை அளக்கத் தொடங்கிவிடுவோம். யார் கிண்ணத்தருகே எத்தனைபேர் நின்றார்கள், யார் கிண்ணத்தைத் தொடாமலே கடந்தார்கள் என்று மனம் கணக்கெடுக்கும். சொல்லப்பட்ட குறைக்கு மறுமொழி உண்டு. அடுத்த கிண்ணத்தில் திருத்தலாம். சொல்லப்படாத குறையோடு என்ன செய்வது? அதை வீட்டுக்கு எடுத்துச்சென்று இரவெல்லாம் பெருக்கிக்கொண்டே இருக்கத்தான் முடியும்.

கடைசல் ஆசிரியர்கள் இதைவிட அறிவுள்ள ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தைப் பாதியாக அறுக்கச் சொல்வது. வாள் நடுவே இறங்கி வெளிவந்ததும் குறுக்குவெட்டில் எல்லாம் தெரிந்துவிடும். வெளிவளைவு ஒரு திசையில் போக உள்வளைவு வேறு திசையில் போயிருக்கிறது. சுவர் நடுவில் மெலிந்து அடியில் குண்டாகியிருக்கிறது. கற்பவருக்கு முதலில் மனம் பதைக்கும். இரண்டு வாரம் உழைத்ததை அறுப்பதா? ஆனால் அறுத்தபின் அவர் அதைப் பற்றித் தயங்காமல் பேசுகிறார். அது காட்சிப் பொருளாக இருந்தவரைதான் அவமானம்; பாதியாக அறுபட்டதும் பாடமாகிவிட்டது.

தயங்குவதே நல்லது, தன் வேலையின் தரத்தை அறிந்தவன் அடக்கமாக இருப்பான் என்று வாதிடுவோரும் உண்டு. அடக்கம் வேறு, இது வேறு. அடங்கியவர் கேட்டால் எடுத்துக்காட்டுவார். இவர் கேட்டாலும் காட்டுவதில்லை. காட்ட நேர்ந்தாலோ, நீங்கள் பார்க்கும்முன் குறையை அவரே விரல்வைத்துச் சொல்லிவிடுகிறார். 'இங்கே பாருங்கள், இந்த இடத்தில் நார் பிய்ந்துவிட்டது' என்று. பார்ப்பவருக்கு அதுவரை தெரியாதிருந்த பிசிறு அதன்பிறகு கிண்ணத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. பரிசாகக் கொடுக்கும்போதுகூட இந்த ஒப்புதல் வாக்குமூலம் கூடவே வரும். பெற்றுக்கொண்டவர் பாவம், ஒரு கிண்ணத்தையும் ஒரு மன்னிப்புக் கோரிக்கையையும் சேர்த்து வாங்கிப்போகிறார்.

இதன் முடிவு துயரமானது என்பதாலேயே இவ்வளவு எழுதுகிறோம். கடைசல் முதியோர் பலர் கூடும் கலை. உறுப்பினர் ஒருவர் மறைந்தால் அவர் உளிகளையும் எந்திரத்தையும் விற்றுக் கொடுப்பதில் சங்கங்கள் குடும்பத்துக்கு உதவுவதுண்டு. உளிகளுக்கு உடனே ஆள் கிடைக்கிறது. உலரப்போட்ட கட்டைகளுக்கும் கிடைக்கிறது. துணியில் சுற்றி வைக்கப்பட்ட கிண்ணங்களை என்ன செய்வது என்றுதான் வீட்டாருக்கு விளங்குவதில்லை. அவர் அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. எதில் திருப்தி அடைந்தார், எதை அறுக்க நினைத்துக் கைவராமல் விட்டார் என்பதை இனி யாரிடம் கேட்பது?

அப்படியானால் தயக்கம் எங்கே விலகுகிறது? நமக்குத் தெரிந்து ஓர் இடம் இருக்கிறது. கடும் நோயுற்ற குழந்தைகளுக்காக அமெரிக்காவில் 'பீட்ஸ் ஆஃப் கரேஜ்' என்றொரு திட்டம் நடக்கிறது. ஊசி, அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் கழிந்த இரவு என்று ஒவ்வொன்றுக்கும் குழந்தைக்கு ஒரு மணி கொடுக்கிறார்கள். அந்த மணிகளைப் போட்டுவைக்க மூடியிட்ட மரச் செப்புகளைக் கடைசல் சங்கங்களின் உறுப்பினர்கள் செய்து அனுப்புகிறார்கள். கடைசல் உலகில் மூடிச்செப்புக்கு ஒரு பெருமை உண்டு. மூடி அவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இழுத்தால் உள்ளே அடைபட்ட காற்றால் தயங்கி, 'டப்' என்ற மெல்லிய ஓசையோடு கழன்றுவர வேண்டும். அந்த 'டப்'புக்காகப் பெரிய கடைசலாளர்கள் முடியிழை அளவு மரத்தைச் சீவிச் சீவிப் பொருத்துவார்கள். மேசையில் வைத்த செப்பைச் சக கடைசலாளர் கையிலெடுத்தால் அந்த ஓசைக்குத்தான் காதைத் தீட்டுவார்.

நோயுற்ற குழந்தையின் கைக்கு அந்த இறுக்கம் ஆகாது. மூடி தளர்வாக இருக்க வேண்டும், பிடிக்க ஒரு குமிழ் வேண்டும், உள்ளே சிறு கை நுழைய வேண்டும். எந்தத் தளர்வைச் சங்கத்து மேசையில் வைக்கக் கூசுவாரோ, அதையே இங்கே கவனத்தோடு, அளவு பார்த்துக் கடைகிறார். செப்பு திறக்கிறதா, மூடுகிறதா என்பது மட்டுமே கேள்வி. பசித்தோருக்கு நிதி திரட்ட 1990இல் மிச்சிகனில் குயவர்கள் தொடங்கிய 'எம்ப்டி போல்ஸ்' முயற்சிக்கும் இன்று கடைசல் சங்கங்கள் மரக் கிண்ணங்களைச் செய்து கொடுக்கின்றன. அங்கேயும் யாரும் அடியைக் கவிழ்ப்பதில்லை. இவற்றைத் தர்மகாரியம் என்று மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். காணாமற்போன நடுவர் இங்கே திரும்பி வந்திருக்கிறார்.

சங்கங்களுக்கு நாம் சொல்ல ஏதேனும் இடமிருந்தால் ஒன்றைச் சொல்வோம். ஆண்டில் ஒரு கூட்டத்துக்காவது புதிய கிண்ணங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஓராண்டு புழங்கிய கிண்ணங்களை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். செய்தவரே கொண்டுவர வேண்டியதில்லை; வைத்துப் புழங்கியவர் கொண்டுவரட்டும். மனைவியோ மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ. மெருகு போயிருக்கும். கழுவிக் கழுவி நார் எழுந்திருக்கும்; எண்ணெய் குடித்த உட்புறம் கருத்திருக்கும்; அடுப்பருகே இருந்ததில் வாய் சற்றே நீள்வட்டமாகியிருக்கும். சுற்றி நிற்பவர்கள் வழக்கம்போல அதைக் கவிழ்க்கத்தான் போகிறார்கள். கவிழ்க்கட்டும். கவிழ்க்கும் முன் கொண்டுவந்தவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும்: இதில் என்ன போட்டுச் சாப்பிடுகிறீர்கள்?